விளங்கிருச்சுங்க ஐயா

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் கன்னையாவுக்கு வேலை போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்பத்தாறாம் வருஷத்தில் அந்தத் தெருவில் வேலை போகாதவனைத்தான் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். ஆனால் கன்னையாவுக்கு மீசை போனபோது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மீசைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வேலை போன கதை. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான் கன்னையா. கப்பலில் சரக்கு குறைந்தது. சரக்கு குறைந்ததும் ஆளைக் குறைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிர்வாகம் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கோப்பியும் கறிபாப் பலகாரமும் கொடுத்து, "நீங்களெல்லாம் இந்தக் குடும்பத்து உறுப்பினர்கள்" என்றது. கன்னையாவுக்கு அப்போதே சங்கதி தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் கறிபாப் கொடுத்த நிர்வாகமில்லை அது.

அந்த மந்தமான காலத்துக்கு மலாய்க்காரர்கள் 'மெலெசெட்' என்று பேர் வைத்திருந்தார்கள். நம்மவர்கள் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்து அதை வீட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள். "வீட்டுல எப்படிண்ணே?" என்று கேட்டால், "மெலெசெட்டுதான் லா" என்று பதில் வரும். தூரத்து மாமன் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கி, போவதாகவே தெரியவில்லை என்பது மாதிரி இருக்கும் அந்தக் குரல்.

அதே கிடங்கில், அதே கறிபாப்பைத் தின்றவன் ரெங்கசாமி. அவன்தான் செய்தி கொண்டுவந்தான்.

"டேய், பிரிக்ஃபீல்ட்ஸ்ல கவர்மெண்ட்டு புதுசா ஒரு ஆபீஸ் தொறந்திருக்காம். 'தெளிவு வாரியம்'னு போர்டு. மெலெசெட்டுக்காகவே தொறந்ததாம்."

"தெளிவா? போதை தெளியிறதுக்கா?"

"அப்படித்தான் நானும் நெனைச்சேன். அதான் நான் போகல லா. நீ போய்ப் பாரு."

கன்னையா பஸ் பிடித்துப் போனான். மளிகைக் கடைக்கு மேலே, படியேறியதும் போர்டு இருந்தது. முழுப் பெயர் 'பொருளாதார மந்தம் குறித்துப் பொதுமக்களிடையே நிலவும் தவறான எண்ணங்களை அகற்றும் வாரியம், தமிழ்ப் பிரிவு'. அதைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. உள்ளே ஏர்கண்டிஷன் எலும்பைத் துளைத்தது. தட்டச்சுக்கு அமர்த்தப்பட்டிருந்த குணபூசணி என்ற பெண்மணி யாரோ ஒரு குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். பெரிய மேஜைக்குப் பின்னால் துணை இயக்குநர் சிவகுருநாதன் அமர்ந்திருந்தார். பாட்டனார் தலைமைக் கிராணி, தகப்பனார் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய நாள் முதல் அரசாங்கத்தைத் தவிர வேறு எவரிடமும் சம்பளம் வாங்கி அறியாத குடும்பம். மந்தம் என்பது அவருக்குப் பத்திரிகையில் வரும் ஒரு சமாசாரம்.

"ஐயா, வேலை போயிருச்சுங்க. கவர்மெண்ட்டுல பார்த்து ஏதாச்சும் வேலை போட்டுக் குடுப்பீங்களான்னு..."

சிவகுருநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொருக்கால் சொல்லும்."

கன்னையா இன்னும் கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னான்.

"பிள்ளை குணபூசணி! கேட்டீரோ? வேலை போனால் அரசாங்கம் வேலை தரும் எண்டு நினைக்கிறார். உண்மையாவே நினைக்கிறார்!"

குணபூசணி பின்னல் ஊசியை நிறுத்திவிட்டு, மிருகக்காட்சிச் சாலையில் குழந்தைகள் பார்க்கிற மாதிரி கன்னையாவைப் பார்த்தார்.

"வேறென்ன நினைக்கிறீர்? கூச்சப்படாமல் சொல்லும்."

"இல்லீங்க, கடையில வியாபாரமே இல்லன்றாங்க. ஆளுக்கு வேலை இல்லாட்டி எவன் போயி சாமான் வாங்குவான்? கவர்மெண்ட்டு ரோடு கீடு போட்டா நாலு பேருக்குக் கூலி கெடைக்கும். அவன் கடைக்குப் போவான். கடைக்காரன் இன்னொரு ஆளு வைப்பான்..."

"அருமை! அருமை!" சிவகுருநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாவம், அவர் நிலைமையும் அப்படி. தவறான எண்ணங்களை அகற்றவென்று வாரியம் திறந்து மாதக் கணக்காகிறது. அகற்றுவதற்கு ஓர் எண்ணம்கூடப் படியேறி வரவில்லை. மேலிடமோ இதுவரை எத்தனை அகற்றினீர்கள் என்று மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது ஒரே ஆளிடம், ஒரே மூச்சில், இத்தனை.

அவர் எழுந்து வந்து, கன்னையாவின் தோளைத் தொட்டு, "விளங்குதோ?" என்று கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தார் வாயில் அந்தச் சொல்லுக்குப் 'புரிகிறதா' என்று பொருள். பண்டமாரானில் அப்படி இல்லை. அங்கே ஒருவன் விளங்குகிறான் என்றால் உருப்படுகிறான் என்று அர்த்தம். பெற்ற தாய் கோபத்தில் மகனைப் பார்த்து "நீ விளங்குவியா?" என்று கேட்பாள். கன்னையா தன் குடும்ப க்ஷேமத்தைத்தான் பெரியவர் விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"எங்கேங்க ஐயா வெளங்குறது," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "வேலையே போயிருச்சே."

குணபூசணி அர்த்தத்தை எடுத்துச் சொன்னார். அதற்கப்புறம்தான் உத்தியோகம் என்னவென்று சொல்லப்பட்டது. பதவியின் பெயர் 'கேள்வி உதவியாளர், தற்காலிகம்'. வாரியம் ஊர் ஊராகப் போய் செராமா என்னும் விளக்கக் கூட்டம் நடத்தப்போகிறது. கன்னையா கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்து, எழுந்து, தன் மனத்தில் இருப்பதைக் கேட்க வேண்டும். ஐயா விளக்கம் சொல்லி முடித்து "விளங்குதோ?" என்பார். உடனே "விளங்கிருச்சுங்க ஐயா!" என்று சொல்லிக் கைதட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சாப்பாடு வாரியத்தின் செலவு. போக வர வேன்.

"அப்போ நான் கேக்குறது தப்புங்களா ஐயா?"

"தப்பாய் இருந்தபடியால்தானே ஐசே உமக்கு வேலை!"

வீட்டுக்கு வந்து மனைவி மாரியாயியிடம் சொல்லும்போது கன்னையா பாதியைத்தான் சொன்னான். "கவர்மெண்ட்டுல வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டான். மாரியாயி கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அம்மன் படத்துக்குச் சூடம் காட்டப் போனாள். அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. கன்னையாவின் குடும்பத்தில் கவர்மெண்ட்டு வேலை பார்த்தவர் அதுவரை ஒருவருமில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு மீதிப் பாதியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

முதல் செராமா பிரிக்ஃபீல்ட்ஸிலேயே நடந்தது. வேலை போன ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளிகள், கடைச் சிப்பந்திகள், தையல் பாக்டரிப் பெண்கள் என்று ஒரு மண்டபம் நிறைந்திருந்தது. சிவகுருநாதன் மேடையில் ஏறினால் பேச்சு அச்சுத் தமிழாகிவிடும்.

"அன்பர்களே! அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையென்றால் இந்தக் கூட்டத்தை நடத்துவது யார்? இந்த நாற்காலிகளைப் போட்டது யார்? வேலை என்பது வெளியில் இருப்பதல்ல, அன்பர்களே. அது ஒரு மனநிலை. உங்களோடு நானும் துன்பப்படுகிறேன். என் அலுவலகத்தில் இரண்டு ஏர்கண்டிஷனர்கள். நாட்டு நிலைமையை உத்தேசித்து, மாலை ஐந்து மணிக்குமேல் ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டேன்."

அலுவலகமே நாலரைக்குப் பூட்டப்படும் என்பது கன்னையாவுக்குத் தெரியும். எழுந்தான். கேட்டான். கவர்மெண்ட்டு ரோடு போட்டால் நாலு பேருக்கு வேலை கிடைக்காதா என்றான். கேட்டது அவன் மனத்தில் நிஜமாகவே கிடந்த கேள்விதான், நடிப்பு அதில் கொஞ்சமும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் "ஆமா, அதானே?" என்றுகூட முனகினார்கள். ஐயா விளக்கினார். அந்த விளக்கத்தில் நம்பிக்கை, பொறுமை, ஒற்றுமை என்று நல்ல நல்ல வார்த்தைகள் எல்லாம் இருந்தன.

"விளங்குதோ?"

"விளங்கிருச்சுங்க ஐயா!"

"அதானே" என்று முனகியவர்கள், தங்களுக்கு மட்டும்தான் விளங்கவில்லை போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டதை அவன் பார்த்தான். அன்றைக்கு வாரியத்தின் பிரியாணியைத் தின்ன அவனுக்கு மனமில்லை. ஆனாலும் சாப்பிட்டான். பிரியாணி வீணாகக் கூடாது, சிக்கன காலம்.

அடுத்து வந்தது ஈரப்பதம். 'மெலெசெட்' என்ற சொல்லே மக்களை பயமுறுத்துகிறது, இனிமேல் அதைச் சொல்லக் கூடாது, 'கெலெம்பாப்பான்' என்று சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பொருளாதாரம் விழவில்லை, சற்று மெத்தனமாக இருக்கிறது என்ற பொருளில்தான் அதை அனுப்பியிருந்தார்கள். சிவகுருநாதன் கடமை தவறாதவர். அகராதியை எடுத்தார். அந்தச் சொல்லுக்கு நேரே முதலாவதாக 'ஈரப்பதம்' என்று போட்டிருந்தது. இரண்டாவது அர்த்தம் வரைக்கும் போவது அவர் பழக்கமில்லை. 'நமது நாட்டில் நிலவுவது மந்தம் அல்ல, வெறும் பொருளாதார ஈரப்பதமே' என்று கட்டுக் கட்டாகக் கையேடு அச்சாகிவிட்டது.

குணபூசணிதான் கண்டுபிடித்தார். "ஐயா, இது பிழையாய்ப் போச்சுது. திருப்பி அடிப்போமோ?"

"திருப்பி அடிக்கிறதோ? சிக்கன காலத்திலையோ?" என்று சிவகுருநாதன் திடுக்கிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "பிழை எண்டு நினைக்கிறதுதான் பிழை. ஈரத்துணி காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும்தானே? பொருளாதாரமும் காயும். இதை விளக்கத் தோதாய் ஒரு கேள்வி தயார் பண்ணும்."

கேரித் தீவுத் தோட்டத்தில் கன்னையா எழுந்து, "ஐயா, நாட்டுல மெலெசெட்டுன்னு சொல்றாங்களே?" என்று கேட்க, ஐயா துணி காய்கிற கதையைச் சொன்னார். தோட்டத்து மக்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, "அப்போ நனையாம இருக்கக் கொடை ஏதும் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார். சிவகுருநாதன் அதையும் அகற்றப்பட்ட எண்ணங்களில் ஒன்றாகக் குறித்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் வாரியத்தின் கொள்கை சிக்கனம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழுங்கள் என்பது செய்தி. "எல்லாரும் வயித்தைக் கட்டிட்டா கடைக்காரன் என்ன பண்ணுவானுங்க?" என்று கேட்பது கன்னையாவின் தவறான எண்ணம். ஊர் ஊராக அதைக் கேட்டு, ஊர் ஊராகத் திருந்தினான். சிக்கன வாரத்தின் திறப்பு விழா சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. நுழைவாயிலை மறைக்கிற அளவுக்கு 'செலவைக் குறைப்போம்' என்று ஒரு பேனர். உள்ளே பனிக்கட்டியில் செதுக்கிய ஓர் உண்டியல். விழா முடிவதற்குள் உண்டியல் உருகி ஆட்டிறைச்சிக்குள் ஓடிவிட்டது. அதைப் பார்த்த ஓர் அதிகாரி, "ஈரப்பதம்!" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கன்னையாவும் சிரித்தான். எதற்கென்று தெரியவில்லை.

மறுமாதம் மேலிடம் கொள்கையை மாற்றியது. மக்கள் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால்தான் கடைகள் காய்கின்றனவாம். ஆகவே செலவழியுங்கள், அதுதான் நாட்டுப்பற்று.

"இனிமேல் நீர், 'ஐயா, சிக்கனமாய் இருக்கிறதுதானே நல்லது?' எண்டு கேட்கவேணும்," என்றார் சிவகுருநாதன்.

"ஐயா, போன மாசம் நீங்கதானே..."

"போன மாசம் நீர் கேட்டது போன மாசத்துத் தவறு. இது இந்த மாசத்துத் தவறு. விளங்குதோ?"

"செலவழிக்கக் கையில காசு வேணுமேங்க ஐயா. அதுக்கு வேலை..."

"பாரும், நீர் தானாகவே தவறாய் நினைக்கிறீர். இயற்கையாய் வருது உமக்கு. ஒரு கொடை அது," என்று அவர் மனமார மெச்சினார்.

அந்தச் சுற்றில் கிள்ளானில்தான் வம்பு வந்தது. கன்னையா எழுந்து நின்றதும், பின்வரிசையில் ஒருவன், "யோவ், இந்தாளை பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்த்தோம்ல? அங்கயும் இப்படித்தான் விளங்கிருச்சுன்னாரு!" என்று கத்தினான். மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிவகுருநாதன் சளைக்கவில்லை, உண்மையை நாடுகிறவர் பல இடங்களுக்கும் வருவார் என்று சமாளித்தார். ஆனால் மறுநாள் அலுவலகத்தில் ஆலோசனை நடந்தது. இனி கன்னையா ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு ஆளாகப் போக வேண்டும். குணபூசணி ஒரு பெட்டி நிறையச் சட்டை கொண்டுவந்தார்: டாக்ஸிக்காரன், மீன் வியாபாரி, தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் வெட்டுக்காரன். எல்லாவற்றுக்கும் இடைஞ்சலாக இருந்தது ஒன்றுதான். கன்னையாவின் மீசை அகலமானது. ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான்.

"அதை எடுத்துவிடும். பிறகு தேவைக்கு ஏற்றபடி ஒட்டிக்கொள்ளலாம்," என்றார் சிவகுருநாதன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு முடிதிருத்தும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா செத்தபோது எடுத்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது தெரு வாசலுக்கு வந்தது. மாரியாயி அவனைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது? யாரு செத்தா?"

"ஆபீஸ் ரூல்."

"மீசைக்குக்கூடவா ரூலு?"

"கவர்மெண்ட்டுல்ல," என்றான் கன்னையா.

அவள் அதோடு சோறு போடப் போய்விட்டாள். கவர்மெண்ட்டு என்றால் அவளுக்கு அவ்வளவு மரியாதை. மாலையில் ரெங்கசாமி வந்து, மேலுதட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "டேய், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு லா. எந்த வேலைனாலும் பரவால்ல. மீசைய வேணும்னாலும் எடுத்துர்றேன்." கன்னையா "ம்" என்றான். அந்த ஒரு "ம்" அவனைப் பல நாள் அரித்தது. அடுத்தடுத்த நாட்களில் தெருவில் ஒருத்தி மிச்சமில்லாமல் மாரியாயியிடம் வந்து தன் வீட்டு ஆம்பளைக்காகக் கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த நேரத்தில்தான் அடுத்த செராமா பண்டமாரானில் என்று முடிவானது.

கன்னையா அலுவலகத்தில் நின்று கெஞ்சினான். "ஐயா, அது என் ஊருங்க. பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. எல்லாருக்கும் என்னைத் தெரியும். அங்க மட்டும் வேற ஆளு பாருங்க ஐயா."

"அங்கேதான் உமக்குச் சிரமமே இல்லை. ஒட்டுமீசை வேண்டாம், சட்டை மாற்ற வேண்டாம். நீர் நீராகவே வரலாம்." சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதோட தம்பி, தற்காலிகப் பதவிகளைக் குறைக்கச் சொல்லி மேலிடம் எழுதியிருக்கு. இந்த நேரத்தில நீர் ஒரு கூட்டத்துக்கு வராமல் விட்டால், நான் உமக்காகக் கதைக்க ஏலாது."

ஆக, மெலெசெட்டை இல்லை என்று சொல்லும் வாரியத்துக்கும் மெலெசெட்டு வந்துவிட்டது.

வீட்டில் மாரியாயியிடம், "நீ வராத, ஒரே சூடா இருக்கும்," என்று சொல்லிப் பார்த்தான். அவள் கல்யாணப் பட்டுச்சேலையை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். "நம்ம ஊருல உங்க ஆபீஸ் மீட்டிங்கு. நான் வராம எப்படிங்க? மேடையில உங்களுக்கு எந்தப் பக்கம் நாற்காலி?"

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலை அடுத்த மண்டபம். தெரு மொத்தமும் வந்திருந்தது. மாரியாயி முன்வரிசையில், பிள்ளைகள் இரண்டும் இரண்டு பக்கத்திலும். மேடையில் இரண்டே நாற்காலி. ஒன்றில் சிவகுருநாதன், மற்றதில் குணபூசணி. கன்னையா கூட்டத்தின் நடுவில் ஆளோடு ஆளாகக் குறுகி உட்கார்ந்தான். பக்கத்தில் வந்து விழுந்தான் ரெங்கசாமி.

"என்னடா, மேல போகாம இங்க உட்கார்ந்திருக்க?"

"பொதுமக்களோட இருக்கணும்னு உத்தரவு," என்றான். அது ஒருவகையில் உண்மைதான்.

சிவகுருநாதன் பேசினார். நாட்டின் ஈரப்பதம் காய்ந்துவருவதைச் சொன்னார். ஐந்து மணிக்கு நிறுத்தப்படும் ஏர்கண்டிஷனரைச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார். "எல்லோருக்கும் வேலை கொடுக்க அரசாங்கத்தால் முடியும் என்பது தவறான எண்ணம். உலகத்தில் எந்த அரசாங்கத்தாலும் முடியாது. அப்படிக் கொடுத்தால் பொருளாதாரம் கெட்டுவிடும். வேலையை எதிர்பார்க்காதீர்கள். நம்பிக்கையை எதிர்பாருங்கள். சரி, கேள்விகள் உண்டோ?"

அவர் கண் கன்னையாவைத் தேடியது. கன்னையா முழங்காலில் கை ஊன்றி எழப்போனான். அதற்குள் முன்வரிசையில் பட்டுச்சேலை சரசரத்தது.

"ஐயா, வணக்கமுங்க," என்றாள் மாரியாயி. குரல் தெளிவாக இருந்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். "கவர்மெண்ட்டால வேலை குடுக்க முடியாதுன்னு சொன்னீங்க. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு கவர்மெண்ட்டுதானுங்களே வேலை குடுத்திருக்கு. உங்க ஆபீஸ்லதான். அவரு சம்பளம் வந்ததும் நான் கடையில அரிசி வாங்குறேன். கடைக்காரரு முகத்துலயும் கொஞ்சம் உசிரு வந்திருக்கு. இவருக்கு ஒருத்தருக்குக் குடுத்ததுல நாடு ஒண்ணும் கெட்டுப்போகலைங்களே. இதே மாதிரி எங்க தெருவுல மத்த ஆம்பளைங்களுக்கும் குடுத்தா என்னங்க ஐயா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி, "நல்லாக் கேட்டக்கா!" என்றாள்.

சிவகுருநாதன் கையேட்டைப் புரட்டினார். முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். மாதக் கணக்காக அவர் பதில் சொன்ன கேள்விகள் எல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்தவை. "அம்மா," என்று ஆரம்பித்தார். "இது... ஈரப்பதமான காலத்தில், கொடியில் ஏதாவது ஒரு துணி முதலில் காய்வது உண்டு. அதற்காக எல்லாத் துணியும்... ஆகவே நம்பிக்கை வேண்டும். பொறுமை வேண்டும். விளங்குதோ?"

"விளங்கலைங்க ஐயா," என்றாள் மாரியாயி பணிவாக.

வாரியத்தின் சரித்திரத்தில் அந்த வார்த்தை அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. சிவகுருநாதனின் நெற்றி வியர்த்தது. அவர் மாரியாயியைத் தாண்டி, கூட்டத்தின் நடுவே பார்த்து, இன்னும் உரக்கக் கேட்டார்.

"விளங்குதோ?"

கன்னையா எழுந்து நிற்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. நின்றுவிட்டிருந்தான். பழகிய வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"விளங்கிருச்சுங்க ஐயா!"

கையும் தட்டியது. அவன் கை மட்டும். அந்த இரண்டு கைச் சத்தமும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. மாரியாயி திரும்பிப் பார்த்தாள். அவன் அங்கே நிற்பது, கை தட்டுவது, மழித்த மேலுதடு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவள் முகத்தில் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டே வந்தது. பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கேட்ட அந்தக் குரலும் அடங்கிப்போனது. கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

ரெங்கசாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். திட்டுவான் என்று கன்னையா காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. "வெளங்கும்டா," என்றான் அவன், பண்டமாரான் அர்த்தத்தில். அவ்வளவுதான், போய்விட்டான்.

சிவகுருநாதன் வேனுக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கன்னையாவைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தக்க நேரத்தில் காப்பாற்றினீர்! உமது பதவியை யாரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்ளுறேன். அதுசரி, கேள்வி கேட்டது உமது மனுசியோ? என்ன தெளிவு, என்ன குரல்! அவவையும் சேர்த்துக்கொண்டால் என்ன? குடும்பமாய்ப் போனால் சனம் இன்னும் நம்பும். அவ கேட்க, நீர் விளங்கிக்கொள்ளலாம்."

கன்னையா கையை உருவிக்கொண்டான். நடந்து வீட்டுக்குப் போனான். அந்தக் குறுகலான தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மாரியாயி பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் நிழல் விழுந்ததும் நிமிராமலே கேட்டாள்.

"அந்தப் பெரிய மனுசன் சொன்னது எனக்கு வெளங்கல. உங்களுக்கு என்னங்க வெளங்குச்சு?"

இத்தனை மாதத்தில் யாரும் அவனை இதைக் கேட்டதில்லை. இதற்கு யாரும் பதில் எழுதிக் கொடுத்ததும் இல்லை. கன்னையா கையால் மேலுதட்டை மூடிக்கொண்டான்.

"ஒண்ணும் வெளங்கல, மாரியாயி."

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சேலையைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் கேரித் தீவுக்கு. கன்னையா சாப்பிடாமலே கிளம்பினான். மாரியாயி வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நேரே வேனுக்குப் போய், கதவைத் திறந்த சிவகுருநாதனின் முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. நீங்க சொன்னது ஒண்ணுமே வெளங்கல. எந்த ஊர்லயும் வெளங்கல."

சிவகுருநாதன் ஒரு கணம் அசந்து நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அதேதான்! இவ்வளவு நாளும் இந்தக் குரலை எங்கே ஐசே வைச்சிருந்தீர்? அப்படியே கேரித் தீவிலும் சொல்லும், கொஞ்சமும் மாற்றாதையும். பிறகு நான் விளக்குறேன், நீர் விளங்கிக்கொள்ளும். ஏறும், ஏறும், நேரமாச்சுது."

ஏர்கண்டிஷன் குளிர் வேனுக்குள்ளிருந்து வந்து முகத்தில் பட்டது. இருக்கையில் அவனுக்கென்று ஒரு வெட்டுக்காரன் சட்டையும், காகிதத்தில் மடித்த ஒட்டுமீசையும் இருந்தன. வீட்டில் அரிசி இருந்தது, மாதக் கடைசிவரைக்கும் வரும். பின்னால் மாரியாயி இன்னும் நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பார்க்காமலே ஏறிக்கொண்டான்.